பியூடசோனைடு இன்ஹேலர் - ஒரே நாள்ல ரிசல்ட் கேக்குறவங்க இத படிச்சிட்டு வாங்குங்க

ரேட்டிங் 5க்கு 4.

இந்த இன்ஹேலருக்கு ஒரு ஸ்டார் போட்டவங்க நெறைய பேரு "அடிச்சும் இழுப்பு நிக்கல"னு எழுதிருக்காங்க. இழுக்குறப்ப உடனே நிக்க வைக்கிற மருந்தே இது இல்லங்க, அதுக்கு சால்பியூட்டமால் இருக்கு, சுருங்குன மூச்சுக்குழாய் தசைய சில நிமிசத்துல தளத்தி விட்ரும். இது மூச்சுக்குழாய் வீக்கத்த கொறைக்கிற ஸ்டீராய்டு, வேலை செய்யிற எடமே வேற.

நமக்கு வீடு மதுரை கீழமாசி வீதி பக்கம், வத்தல் மூட்டை எறக்குனா தெருவே தும்மும், மார்கழி பனியும் சேந்துச்சுன்னா ராத்திரி படுக்க முடியாது. பிளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி எடுக்குறவன்கறதால உள்ள என்னதான் நடக்குதுன்னு தோண்டிப் பாத்தேன், சும்மா சொல்லக்கூடாது, செம மேட்டரு.

தூசி பட்டதும் மூச்சுக்குழாய்ல இருக்குற நோய் எதிர்ப்பு செல்லுங்க ஒன்னுக்கொன்னு கெமிக்கல் சிக்னல் அனுப்பிக்கும், இன்டர்லூக்கின் 4, 5, 13னு. அந்த சிக்னல் போயி ஒட்டுன செல்லுல எந்த ஜீன் ஓடணும்கறது மாறிடும். இதுல என்எஃப் கப்பா பின்னு ஒரு புரோட்டீன் முக்கியமான ஆளு, 1986ல ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டுபிடிச்சது, அது நியூக்ளியஸுக்குள்ள போயி வீக்கத்த உண்டாக்குற ஜீன்களையெல்லாம் கெளப்பி விட்ரும். டிஎன்ஏ சுத்தியிருக்குற ஹிஸ்டோன்ங்குற புரோட்டீன்ல அசிட்டைல்னு ஒரு சின்ன கெமிக்கல் ஒட்டி, அந்த எடம் இளகி, ஜீன் படிக்க வாகா தெறந்துக்கும்.

பியூடசோனைடு கொழுப்புல கரையிற மூலக்கூறு, செல் சவ்வ தாண்டி நேரா உள்ள போயி அங்க காத்திருக்குற ரிசெப்டரோட (மருந்த புடிச்சுக்குற புரோட்டீன்) சேந்து நியூக்ளியஸுக்குள்ள போகும். போயி ஹெச்டாக் 2ங்குற என்சைம கூட்டிட்டு வந்து அந்த அசிட்டைல உருவி எடுத்து, தெறந்த எடத்த திரும்ப இறுக்கி மூட வைக்கும். இன்டர்லூக்கின் 5 கொறஞ்சா வீக்கத்த வளக்குற ஈசினோபில்ங்குற வெள்ளை அணு செல்லுங்க ரொம்ப நாள் தாக்குப்பிடிக்காது. ஜீன நிப்பாட்டுனாலும் ஏற்கனவே செஞ்சு வச்ச புரோட்டீன் தீரணும்ல, அதான் முழு பலன் தெரிய நாள் கணக்கு, சிலருக்கு வாரக்கணக்கே ஆகும். இன்னொன்னு, சால்பியூட்டமால் போயி ஒட்டுற பீட்டா 2 ரிசெப்டரோட ஜீனையும் இது கூட்டி விடும், அதனால ரெண்டும் ஒன்னுக்கொன்னு தொணைதான்.

பீடி சிகரெட் அடிக்கிற அண்ணன்மாரே, பொகை அந்த ஹெச்டாக் 2வோட வேலையவே மட்டுப்படுத்திரும், அப்புறம் மருந்து கேக்கலன்னு கம்பெனிய வையாதீங்க.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, நான் வாங்குனதுல எத்தன டோஸ் பாக்கின்னு காட்ற கவுண்டர் இல்ல, குலுக்கிப் பாத்தும் கண்டுபிடிக்க முடியாது, மருந்து தீந்த பெறகும் கேஸு வரும். தண்ணில மெதக்க விட்டு பாக்குறதெல்லாம் நம்பவே கூடாது. அதோட ஒரு மெடிக்கல்ல அடிச்சதும் வாய் கொப்பளிக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லாம எடுத்து நீட்டுனாங்க, கொப்பளிக்காட்டி நாக்குல வெள்ளையா பூஞ்சை படியும்.

இன்ஹேலர் வாயில மாட்டுற குழாய், அதான் ஸ்பேசர், அதையும் சேத்து வாங்கிருங்க, இல்லன்னா பாதி மருந்து தொண்டையிலயே தங்கிரும். நல்லா குலுக்கி, மூச்ச வெளிய விட்டுட்டு, மெதுவா இழுத்து 10 செகண்ட் அடக்கணும். நல்லாருக்குன்னு டாக்டர கேக்காம நீங்களா நிறுத்திறாதீங்க, அந்த ஜீனெல்லாம் திரும்ப கெளம்பிரும். பனகல் ரோட்டுல பெரியாஸ்பத்திரி பக்கத்து மெடிக்கல்ல எப்ப கேட்டாலும் கெடைக்குது, சீட்டு மட்டும் கையில கொண்டு போங்க.