மிச்சத் துணி யாருக்கு?

ரோகின்டன் மிஸ்திரியின் ‘அ ஃபைன் பேலன்ஸ்’ 1995-லேயே வந்த ஆங்கில நாவல். நான் இந்த மழைக்காலத்தில்தான் படித்தேன். பம்பாய் ஃபோர்ட் பகுதி நடைபாதையில் பேரம் பேசி 150 ரூபாய்க்கு வாங்கினேன். கதையில் இரண்டு தையல்காரர்கள் வருகிறார்கள் என்பதுதான் காரணம். அப்பா தாராவியில் முப்பது வருஷமாக மிஷின் மிதிக்கிறவர்.

600 பக்கத்துக்கு மேல். சயானில் லோக்கல் ரயில் ஏறினால் வி.டி. ஸ்டேஷன் வருவதற்குள், உட்கார இடம் கிடைத்த நாளில் பத்துப் பக்கம் ஓடும்.

1975, எமர்ஜென்சி. ஊர்ப் பெயரை அவர் சொல்லவில்லை. பம்பாய்க்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டாம். பார்சி விதவை தீனா, எக்ஸ்போர்ட் கம்பெனியிடம் ஆர்டர் எடுத்து வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறாள். தைக்க வருகிறவர்கள் ஈஷ்வரும் அவர் தம்பி மகன் ஓமும். தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்து, ஊசியைப் பிடித்ததற்காகவே ஊரில் அடிபட்ட குடும்பம். மலையூரிலிருந்து படிக்க வந்த மானெக்கும் அங்கே வாடகைக்கு இருக்கிறான்.

முதலில் தையல்காரர்களுக்குத் தனி கப். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே அடுப்பு. ஈஷ்வர் சப்பாத்தி தேய்க்கிறார். வெட்டி மீந்த துண்டுகளைச் சேர்த்து தீனா ஒரு போர்வை தைக்கிறாள். இந்த நாளில் இந்தத் துணி தைத்தோம் என்று நால்வரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பேசும் இடத்தில், சயானைத் தாண்டி குர்லாவில் போய் இறங்கினேன். இனி இவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றே நினைத்துவிட்டேன்.

ஆகிறது. ஓம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அவனும் ஈஷ்வரும் ஊருக்குப் போகிறார்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன், கருத்தடை முகாம்கள் நடந்த காலம் அது என்பதைத் தவிர. கடைசிப் பகுதிக்கு ‘1984’ என்று தலைப்பு. அதைப் படித்த ராத்திரி தூங்கவில்லை.

குறையும் உண்டு. இவ்வளவு பெரிய ஊரில் தெரிந்த முகங்களே திரும்பத் திரும்ப எதிர்ப்படுவது கொஞ்சம் சினிமாத்தனம். மானெக்குக்கு ஆசிரியர் வைத்த முடிவை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே மனசு கனத்திருக்கிறவர்கள் தள்ளிப்போடலாம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பா, “யாரும்மா செத்தா?” என்றார். கதையைச் சொன்னேன். மிஷினை நிறுத்தாமலே கேட்டவர், போர்வை வந்ததும் காலை எடுத்தார்.

“மிச்சத் துணியை அந்தம்மா எடுத்துக்கிட்டாளா? அது தையக்காரனுக்குள்ளதுல்லா?”

“அந்தப் பையன் ஓமோட கல்யாணத்துக்குக் கொடுக்கிறதா சொல்லியிருந்தா.”

“குடுத்தாளா?”

போர்வை கடைசியில் எங்கே கிடக்கிறது என்று சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கோத்திருந்த ஊசிதான்.