சோல் லெவிட்டின் 797ஆம் சுவர்ச் சித்திரம்: எங்கள் மண்டபச் சுவரில் செய்து பார்த்தோம்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். செய்த பொருளைவிட அதன் பின்னால் உள்ள எண்ணமே படைப்பு என்னும் எண்ணக்கருக் கலையைப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க இதைவிட நல்ல படைப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட் 1995இல் செய்தது.

படைப்பு என்பது ஒரு குறிப்புத்தான். முதலாமவர் சுவரின் உச்சியில், குறுக்காக, கோணல்மாணலாக ஒரு கறுப்புக் கோடு போட வேண்டும். இரண்டாமவர் அதைத் தொடாமல், அதே மாதிரி ஒன்றைச் சிவப்பு மார்க்கரால் போடப் பார்க்க வேண்டும். மூன்றாமவருக்கு மஞ்சள், நான்காமவருக்கு நீலம். கறுப்பு மறுபடி வராது. மற்ற மூவரும் கடைசியாக விழுந்த கோட்டைப் பார்த்துப் போட்டுக்கொண்டே சுவரின் அடிவரை இறங்க வேண்டும்.

தரம் ஒன்பது பிள்ளைகளை வைத்து மண்டபத்துப் பக்கச் சுவரில் செய்தோம். முறையான லெவிட் படைப்பு என்றால் அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். ஆகவே எங்களுடையதைப் பயிற்சி என்றே சொல்கிறேன்.

கறுப்பு பிடித்த பையன் கோட்டின் நடுவில் வெடுக்கென்று ஒரு பள்ளம் இறக்கினான். வலது பக்கம் கை லேசாக நடுங்கியதில் சின்னதாக ஒரு மேடு விழுந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் இடைவெளி மாறாமல் கீழே கீழே போடும்போது பள்ளங்கள் அகன்று உருண்டுவிடும், மேடுகள் கூராகிவிடும். அதுதான் நடந்தது. பாதிச் சுவர் தாண்டியதும் பையன் வேண்டுமென்று போட்ட பள்ளம் கரைந்துபோய், கை நடுங்கிய இடம் சிகரமாக நின்றது. எல்லாரும் பார்த்துப் போட்டதுதான், ஒரு கோடும் மற்றதைப் போல இல்லை. இந்தப் படைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மாயி, கொழுந்தெடுத்து ஓய்வான மனுஷி, சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம எட்டாம் நம்பர் மலைதானே சேர்?" என்று கேட்டார். மலையின் வளைவோடு நிரை பிடித்து நட்ட தேயிலை அப்படித்தான் தெரியும். மலை வரையச் சொல்லி யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

1968இல் நியூயோர்க்கின் போலா கூப்பர் கலரியில் முதல் சுவர்ச் சித்திரத்தை லெவிட் தானே பென்சிலால் வரைந்தார். பிறகு வரைகிற வேலையைப் பெரும்பாலும் மற்றவர்களிடம் கொடுத்தார். மாசசூசெட்ஸில் இருக்கும் மாஸ் மொக்கா அருங்காட்சியகத்தில் அவருடைய 105 சுவர்ச் சித்திரங்களை ஏறக்குறைய 65 பேர் ஆறு மாதம் வரைந்தார்கள். அந்தக் காட்சி 2008இல் திறந்தது, 2043 வரை இருக்கும். அவர் 2007இலேயே காலமாகிவிட்டார். என் மனதைத் தொட்டது வேறொன்று. இந்தச் சித்திரங்களின் விபரத்தில் முதலில் வரைந்தவர்கள் யார் என்று பெயர் போடுகிறார்கள். பறித்த கொழுந்துக்கு நிறை மட்டுமே எழுதப்படும் ஊரில், தேயிலைப் பக்கெட்டில் பறித்தவள் பெயர் இல்லாத ஊரில், இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட முடியுமா? சுவரின் ஓரத்தில் எல்லாப் பெயரையும் எழுதினோம். நாலு பேர் மாறி மாறி நின்றதில் வகுப்பு முழுக்கவே பட்டியலில் வந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. மஞ்சள் எடுபடவில்லை. பனி இறங்கிய நாளில் வெள்ளைச் சுவரில் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. தூர நின்றால் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் வெற்றிடம்போலவே தெரிகிறது. கடைசி இரண்டடி வரைய வயிற்றில் படுக்க வேண்டும், அங்கே கோடுகள் களைத்துப்போயிருப்பது கண்ணுக்குத் தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது, அதிபருக்குப் பிடிக்கவில்லை.

செய்ய நினைக்கிற ஆசிரியர்களுக்கு: சுண்ணாம்பு அடித்த சுவர் வேண்டாம், மார்க்கர் முனை அடைத்துவிடும். எமல்ஷன் பூசி நன்றாகக் காய்ந்த சுவராகப் பாருங்கள். மாசி, பங்குனி வெயிலில் வைத்துக்கொண்டால் சுவரில் ஈரம் இருக்காது. நீல மார்க்கரைப் பொறுமையான பிள்ளையிடம் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பு அந்தப் பிள்ளையின் கோட்டைப் பார்த்துத்தான் தொடங்கும்.