பகல் தூக்கத்தின் அருமை தெரிந்த காப்பகம்

மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் சிறிய பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் எங்கள் மகளை விட்டுவருகிறோம். சாப்பாட்டிலும் சுத்தத்திலும் குறை சொல்ல ஏதுமில்லை. நான் எழுத விரும்புவது அங்கே பகல் தூக்கத்தைக் கையாளும் முறையைப் பற்றி.

குழந்தைகள் பெரும்பாலும் 14 முதல் 18 மாதங்களுக்குள் காலை, பிற்பகல் என இருமுறை உறங்குவதை விட்டு ஒரே தூக்கத்துக்கு மாறுகின்றன. அந்த இடைக்காலம் வீட்டையே படுத்தி எடுத்துவிடும்: காலையில் உறங்கினால் பிற்பகலில் கண் மூடாது, காலையில் விழித்திருந்தால் பதினொரு மணிக்குச் சோறு ஊட்டும்போதே தலை சாய்ந்துவிடும். இங்கே காலைத் தூக்கத்தை ஒரேயடியாக நிறுத்திவிடாமல், சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் தள்ளிக்கொண்டே போய், மதிய உணவையும் முன்னதாக ஊட்டி, பன்னிரண்டரை மணிக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தினார்கள். இரவில் சரியாக உறங்காமல் வந்த நாளில் மட்டும் காலையில் சற்று நேரம் கண்ணயர விட்டு எழுப்பினார்கள்.

தூங்கிய நேரத்தையும் விழித்த நேரத்தையும் நோட்டில் எழுதி மாலையில் காட்டுகிறார்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகலும் இரவுமாக 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பகல் தூக்கம் குறைந்துபோன நாட்களில், அந்த நோட்டைப் பார்த்து, ஏழு மணிக்கெல்லாம் இரவுத் தூக்கத்துக்குப் படுக்கவைத்து ஈடுசெய்ய எங்களால் முடிந்தது.

படுக்கை என்பது கோரைப்பாயும் அதன்மேல் மடித்து விரித்த பழைய சுங்குடிச் சேலையும்தான். கத்திரி வெயிலில் வியர்வையை உறிஞ்சாத ரெக்சின் மெத்தையைவிட இது எவ்வளவோ மேல். தூளி கிடையாது, ஆட்டாமலே உறங்கப் பழக்குகிறார்கள்; என் மாமியாருக்கு இதில் இன்றுவரை உடன்பாடில்லை.

குறையும் உண்டு. மூன்று வயதுக்குமேல் பல குழந்தைகள் பகல் தூக்கத்தைக் கைவிடத் தொடங்கியிருக்கும்; அவர்களையும் மற்றவர்கள் எழும்வரை அசையாமல் படுத்திருக்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை. படம் வரைய ஒரு மூலை ஒதுக்கினாலே போதும். கேட்டால், இடமில்லை என்கிறார்கள். கட்டணம் அக்கம்பக்கத்துக் காப்பகங்களைவிடக் கூடுதல்தான். ஆகவே, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் தயங்காமல் சேர்க்கலாம். அதைவிடப் பெரிய பிள்ளை என்றால், மதியம் ஒரு மணி வாக்கில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.