திரும்பியது தோள் இல்லை, வளைந்தது முதுகு: இருபது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

தோள் வலிக்குப் பிசியோதெரபி தேடிப் போகிறீர்களா? போன அன்றே இருபது சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். நான் தள்ளிப் போடவில்லை. பதின்மூன்று தடவை போய், போகும்போது இருந்ததைவிட மோசமான தோளோடு வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு 52 வயது, ஆறு வருடமாகச் சர்க்கரை. விழவில்லை, பாரம் எதுவும் தூக்கவில்லை. இடது தோளில் சும்மாவே வலி வந்தது. இரண்டே மாதத்தில் தலை பின்னக் கை பின்னால் போகவில்லை, உள்ளாடைக் கொக்கி எட்டவில்லை. இடது பக்கம் புரண்டு படுத்தால் நடுராத்திரியில் விழிப்பு. தொழில் தெரிந்த யாராக இருந்தாலும் இதைக் கேட்டதும் ஃப்ரோசன் ஷோல்டரா என்று பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வருவது, பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை அழற்சியில் தடித்துச் சுருங்கிவிடுகிறது. முதல் சில மாதங்கள் வலி, பிறகு இறுக்கம், அப்புறம் மெல்ல மெல்லத் தளர்வு. முழுதாக ஓடி முடிய ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை ஆகலாம்.

நான் போன பிசியோதெரபி இடத்தில் இருந்தவர் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், எழுதிக்கொள்ளவும் இல்லை. "எலும்பு லேசா விலகியிருக்கும்மா, தசையில முடிச்சு. கையாலயே எடுத்துடலாம், இருபது சிட்டிங்" என்றார். எக்ஸ்ரே கூடப் பார்க்காமல் எலும்பு விலகியது எப்படித் தெரிந்தது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அன்று முக்கால் மணி நேரம் அவரே பார்த்தார். சூட்டு ஒத்தடம், பிறகு தோளையும் கழுத்தையும் அழுத்தி நீவிவிட்டார். எழுந்தபோது கை இறகு மாதிரி இருந்தது. அந்தச் சுகத்திலேயே பணத்தைக் கட்டினேன். அந்தச் சுகம் பொய் இல்லை. கை வைத்துச் செய்யும் சிகிச்சையில் நரம்புகள் கொஞ்ச நேரம் அமைதியாகும், வலி குறையும், அந்த இடைவெளியில் பயிற்சி செய்தால் பலன் உண்டு. ஆனால் சுருங்கிய உறை முக்கால் மணி நேரத்தில் விரியாது. எனக்குச் சாயங்காலமே வலி திரும்பிவிட்டது.

இரண்டாம் தடவையிலிருந்து அவரைக் கண்ணால் பார்க்கவில்லை. தொழில் பழக வந்திருந்த ஒரு பையன், அவன் போனதும் இன்னொருவன். "வலிச்சாதான் விடும்மா" என்று சொல்லி மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. டப்பென்று சத்தம் வந்தால், "எலும்பு உக்காந்துடுச்சு". அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது, விரலைச் சொடுக்கும்போது கேட்பதும் இதுதான். எந்த எலும்பும் எங்கேயும் போய் உட்காரவில்லை. ஐந்தாம் சிட்டிங்கில், கேட்காமலேயே கழுத்தையும் இரண்டு பக்கம் வெடுக்கென்று திருப்பினான். அரிதாக என்றாலும், அப்படித் திருப்புவதில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. என் சம்மதம் கேட்காமல் யாரும் என் கழுத்தைத் தொட்டிருக்கக் கூடாது. இன்றைக்கும் எனக்கு அதிகக் கோபம் இதில்தான்.

ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் வலி. கேட்டால், "ஒட்டினது விடுதும்மா, அப்படித்தான் இருக்கும்". வலி உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் அழற்சிதான் கூடும். நெதர்லாந்தில் 77 பேரை வைத்து நடந்து 2004இல் வெளியான ஆய்வில், வலி தாங்கும் அளவுக்குள் கையை அசைத்து வந்தவர்கள், வலிக்க வலிக்க இழுத்து நீட்டப்பட்டவர்களைவிட இரண்டு வருட முடிவில் நன்றாக இருந்தார்கள்.

இப்போது, கை எவ்வளவு தூரம் தூக்க வருகிறது என்று அங்கே அளவு எடுத்த கதை. முதல் நாள் வந்ததும் வராததுமாக, ஒத்தடம் எதுவும் கொடுக்காமல், கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி 70 டிகிரி என்று எழுதினார்கள். பத்தாம் சிட்டிங்கில் ஒத்தடமும் நீவலும் முடிந்த பிறகு அளந்து 110 என்று காட்டினார்கள். நானும் வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் மகள், "இன்னொரு தடவை தூக்கும்மா" என்று போனில் படம் பிடித்துக் காட்டினாள். நான் வலது பக்கமாகச் சாய்கிறேன், தோள்பட்டை காது வரை ஏறுகிறது. மூட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாற்பது டிகிரியும் முதுகு கொடுத்த கடன்.

பதின்மூன்றோடு நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் மூட்டு சுத்தமாக இருந்தது, விலகலும் இல்லை ஒன்றும் இல்லை. அவர் அனுப்பிய பிசியோதெரபிஸ்ட் முதலில் செய்தது இதைத்தான்: முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். வலது கை தாராளமாகப் போனது. இடது பத்து டிகிரியில் நின்றது, அவர் பிடித்துத் திருப்பினாலும் அதே பத்து. தசைநார் கிழிந்திருந்தால் பொதுவாக நம்மால் முடியாவிட்டாலும் அடுத்தவர் திருப்பும்போது போகும். உறை சுருங்கினால் யார் திருப்பினாலும் போகாது. ஃப்ரோசன் ஷோல்டரில் முதலில் குறைவதும் அதிகம் குறைவதும் இந்த அசைவுதான். முதல் இடத்தில் பதின்மூன்று தடவையில் ஒரு தடவைகூட இதை அளக்கவில்லை. முதுகைச் சாய்த்து இதில் அவ்வளவு எளிதாக ஏமாற்ற முடியாது. உங்கள் தோளையும் இப்படி ஒரு தரம் நீங்களே பார்த்துக்கொண்டு, அந்த அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எப்போதும் சிகிச்சைக்கு முன்னால் அளக்கச் சொல்லுங்கள்.

மருத்துவர் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார், சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே சொல்லி. ஏறியது, இறங்கியது. புதியவரும் கையால்தான் சிகிச்சை செய்கிறார், ஆனால் மெதுவாக. மறுநாள் காலை வரை வலி நீடித்தால் அடுத்த முறை சிகிச்சையின் அளவைக் குறைக்கிறார். பாதி நேரம் வீட்டுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதிலேயே போகிறது. பணம் அன்றன்றைக்குத்தான்.

மீதி ஏழு சிட்டிங்குக்கான பணத்தைக் கேட்டுப் போனேன். ரசீதைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார்கள், பொடி எழுத்தில், கட்டிய தொகை திருப்பித் தரப்படாது என்று. "வேணும்னா வீட்ல வேற யாருக்காவது மாத்திக்கலாம்மா" என்றாள் வரவேற்பில் இருந்த பெண், உதவி செய்யும் முகத்தோடு. வீட்டில் யாரையும் அனுப்புவதாக இல்லை.

இப்போது இடது கை வெளிப்பக்கம் முப்பத்தைந்து டிகிரி வரை போகிறது. தலை பின்ன முடிகிறது, நடுவில் ஒரு தடவை கையை இறக்கி வைத்துவிட்டு.