இதழியல் படிக்கச் சேலமா, சென்னையா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இதழியலில் முதுகலை படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் யோசிப்பது இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களை: சேலத்தை அடுத்த கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம், சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம். ஓசூர்க்காரர்கள் பெங்களூரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆங்கில ஊடகம்தான் இலக்கு என்றால் சரி. தமிழில் எழுதப் போகிறவர்களுக்கு அங்கே களம் சிறியது.

நான் படித்தது சென்னையில். என் ஓட்டும் சென்னைக்குத்தான்.

சேலத்தின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததே. தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூரைத் தாண்டினால் நெடுஞ்சாலை ஓரத்திலேயே வளாகம். தருமபுரிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய் வரலாம், செலவும் குறையும். செய்தி எழுதுதல், ஊடகச் சட்டம், ஆய்வு முறை எல்லாம் எங்கே படித்தாலும் உண்டு.

ஆனால் வேலை கேட்டுப் போனால் மதிப்பெண் பட்டியலைப் புரட்டுபவர்கள் குறைவு. "இதுவரை என்ன எழுதியிருக்கீங்க, காட்டுங்க" என்பார்கள். காட்டுவதற்கு ஏதாவது படிக்கும்போதே சேர வேண்டும். விடுமுறையில் ஒரு மாத இன்டர்ன்ஷிப் எல்லா ஊர் மாணவர்களும் செய்கிறார்கள். டெஸ்க்கில், அதாவது செய்திகளைத் திருத்தி வெளியிடும் ஆசிரியர் குழுவில், முகம் பழகி, நம்பி ஒரு செய்தியைக் கொடுக்கும் நேரத்தில் அந்த மாதம் முடிந்துவிடும். சென்னையிலேயே தங்கிப் படித்தால் அந்தத் தொடர்பு அறுவதில்லை. தூர்தர்ஷன் நிலையமும் பத்திரிகையாளர் மன்றமும் வளாகத்துக்குப் பக்கம், கோட்டையும் தொலைவில்லை. பிரஸ் மீட் என்று மதியம் தெரிந்தால், வகுப்பு முடிந்து போய் உட்கார்ந்து எழுதிவிடலாம்.

என் பெயரோடு வந்த முதல் செய்தியே, அதாவது முதல் பைலைனே, நம்ம ஊர் விஷயம்தான். மாம்பழக் கூழ் ஆலைகள் விலையைக் குறைத்துவிட்டதாக நம் பக்கத்து விவசாயிகள் மனு கொடுக்க வந்திருந்தார்கள். மற்ற நிருபர்கள் கிலோ என்ன விலை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பெங்களூரா ரகம் பெரும்பாலும் கூழுக்குத்தான் போகும், ஆலை வாங்கவில்லை என்றால் காய் மரத்திலேயே நிற்கும் என்பது எனக்குத் தெரியும். பறிகூலியும் வண்டி வாடகையும் போக என்ன மிஞ்சுகிறது என்று கேட்டேன். அவர்கள் சொன்ன பதில்தான் செய்தியின் முதல் பத்தி. நம் மாவட்டத்து ஆள் சென்னைச் செய்தி அறையில் இருப்பதால் ஊருக்கும் லாபம் என்று அன்றைக்கு உறுதியாக நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

சேலத்தில் நான் படித்ததில்லை. அங்கே ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவரோடும் அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்று அங்கு படித்த தோழி சொல்வாள், மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. மாவட்ட நிருபராகத்தான் ஆசை என்றால் நாளிதழ்களின் சேலம் பதிப்புகளே நல்ல தொடக்கம்.

சென்னை என்று முடிவெடுத்தால், சேரும் முன் துறைக்கே போய் இரண்டாம் ஆண்டு மாணவர்களைப் பாருங்கள். மாலை வகுப்பு எத்தனை மணிக்கு விடுகிறது, விடுதிக் கதவை எத்தனை மணிக்குச் சாத்துகிறார்கள், தாமதமானால் கடிதம் கொடுத்தால் போதுமா என்று கேளுங்கள். பெண் பிள்ளைகள் கட்டாயம் கேளுங்கள்.