சபாநாயகரின் வாக்கு: தில்லியிலும் லண்டனிலும்

இந்திய மக்களவையிலும் பிரிட்டனின் காமன்ஸ் அவையிலும் சபாநாயகர் முதலில் வாக்களிப்பதில்லை. இரு தரப்பும் சமமானால் மட்டுமே வாக்களிக்கிறார். அந்த ஒற்றை வாக்கு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. நமது அரசியலமைப்பின் 100-ஆவது பிரிவு உரிமையைத் தருகிறதே தவிர, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்வதில்லை. லண்டனிலோ, அவையில் இல்லாத பெரும்பான்மையைச் சபாநாயகர் தன் வாக்கால் உருவாக்கக் கூடாது என்ற மரபு உண்டு; 2019 ஏப்ரல் 3 அன்று பிரெக்சிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது) தொடர்பான திருத்தம் ஒன்றுக்கு 310-க்கு 310 என வாக்குகள் விழுந்தபோது, அப்போதைய சபாநாயகர் ஜான் பெர்கோ அம்மரபின்படியே எதிர்த்து வாக்களித்தார். கட்சிச் சார்பு பற்றிய ஐயத்துக்கு இடமளிக்காத இம்முறையே மேலானது. ஆயினும், தன்னை நீக்கக் கோரும் தீர்மானத்தில் சபாநாயகர் முதலிலேயே வாக்களிக்கலாம், சமநிலை ஏற்பட்டால் வாக்களிக்க முடியாது என்று 96-ஆவது பிரிவு தெளிவாக எழுதி வைத்திருப்பது இந்திய ஏற்பாட்டின் சிறப்பு.