வாலில் ‘பி’ உள்ள போனா, இல்லாததா?

ஹட்டனில் எங்கள் ஆபிஸில் எட்டு மேசைக்கும் ஐபி போன் (இன்டர்நெட் வயரில் ஓடும் மேசை போன்) மாற்றி மூன்று மழைக்காலம் போய்விட்டது. கடைசியில் போட்டியில் நின்றவை யீலிங்க் டி31பி, கிராண்ட்ஸ்ட்ரீம் ஜிஆர்பி2601பி. இரண்டிலும் இரண்டு எஸ்ஐபி கணக்கு (இரண்டு போன் இணைப்பு மாதிரி), சின்னத் திரை, குரலும் ஏறக்குறைய ஒன்றுதான். எடுத்தது யீலிங்க். மற்றதை இரண்டு வாரம் இரவல் வாங்கிப் பார்த்ததோடு சரி, அது எத்தனை வருஷம் உழைக்கும் என்று நான் சொன்னால் பொய்.

ஆனால் பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, பெயரின் வாலில் உள்ள அந்த ‘பி’யை. அது இருந்தால் நெட்வேர்க் வயரிலேயே கரண்ட் வரும், பிஓஇ என்பார்கள். ‘பி’ இல்லாத டி31, 2601 இரண்டுக்கும் ஆளுக்கொரு அடப்டர் வேண்டும். எங்கள் பழைய போன்கள் அந்த ரகம்தான். பத்து மணிக் குளிருக்கு யாராவது கேத்தல் போட அடப்டரைக் கழற்றுவார்கள், போன் செத்துவிடும், கொழும்பிலிருந்து எடுத்தவர்கள் கைபேசியில் வந்து கத்துவார்கள். ஐப்பசி இடி மின்னலுக்கு அடப்டர் இரண்டு மூன்று போகும், கண்டியிலிருந்து வேறு வரும்வரை அந்த மேசை ஊமை.

இப்போது ஒரு பிஓஇ சுவிட்ச், அதாவது எல்லாப் போன் வயரும் வந்து சேர்ந்து கரண்டும் எடுக்கும் பெட்டி, அதற்குக் கீழே ஒரு யூபிஎஸ். போர்ட்டுக்கு (ஒரு வயர் செருகும் துளைக்கு) 15.4 வாட் வரை கொடுக்கலாம் என்பது சாதாரண பிஓஇயின் நியமம், இந்தப் போன்கள் இழுப்பது அதில் கொஞ்சம்தான், அதனால் எட்டும் சேர்ந்தாலும் யூபிஎஸ்ஸுக்குப் பாரமில்லை. கரண்ட் போனாலும் கதைக்கலாம், ஆனால் ரவுட்டரும் பைபர் பெட்டியும் அதே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். முதல் மாதம் நான் அதை மறந்துவிட்டேன், கரண்ட் போனபோது எட்டுத் திரையும் அழகாக எரிந்தன, ஒரு கோல் போகவில்லை.

பிஓஇ சுவிட்ச் விலை கூடத்தான். இரண்டு மூன்று மேசைதான் என்றால் அடப்டரே போதும். பழைய சாதாரண போன் நன்றாக இருந்தால் அதை இன்டர்நெட் வயரோடு சேர்க்கும் கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802 பெட்டி ஒன்றில் இரண்டைக் கொழுவலாம்.

பிஓஇ மின்னலைத் தடுக்கும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். முற்றம் தாண்டி ஸ்டோருக்குச் செம்பு வயர் இழுத்தால் மின்னல் நேரே சுவிட்சுக்கு வரலாம், சுவிட்ச் போனால் எட்டும் ஊமை. அதனால் ஸ்டோருக்குப் பைபர் (கண்ணாடி நார் வயர்) போட்டோம். அதில் கரண்ட் ஓடாது, ஆகவே அங்கே மட்டும் அடப்டர் போன். பிளக்கில் ‘கழற்ற வேண்டாம்’ என்று எழுதி டேப் சுற்றியும் வைத்தேன். போன வாரம் போய்ப் பார்த்தால் அதே பொயின்ட்டில் கேத்தல் கொதிக்கிறது.